பார்க்கத்தக்கவை பத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டில் சுதந்திரத்துக்கு ஐம்பது வயது நிறைந்தது. அந்த வருஷத்து ஆகஸ்ட் பதினைந்து ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. வெள்ளிக்குப் பின்னால் சனி, சனிக்குப் பின்னால் ஞாயிறு. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, காலண்டர் தானாகச் செய்த வேலை. ஆனால் மூன்று நாள் லீவை மொத்தமாக ஜனங்கள் கையில் தூக்கிக் கொடுத்தால் என்ன நடக்கும்? தின்பார்கள், தூங்குவார்கள், திங்கட்கிழமை எழுந்திருப்பார்கள். ஐம்பது வருஷத்துச் சுதந்திரம் பாயில் உருண்டே போய்விடும்.

இதைத் தடுக்கத்தான் 'விடுமுறை நற்பயன் குழு' என்று ஒன்று உண்டாயிற்று. கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அதற்கு அலுவலகம். 'பொதுமக்கள் தங்கள் விடுமுறையினை வீணே ஓய்வெடுத்துக் கழித்துவிடா வண்ணம் காத்தல்' என்பது நோக்கம். காப்பதற்குத் தனி அலுவலராக சுந்தரபாண்டியன் என்பவர் வந்து சேர்ந்தார். இரண்டு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு பெரிய ரப்பர் ஸ்டாம்பு.

இந்த விவரமெல்லாம் முத்துச்செல்விக்குத் தெரியாது. அவள் குருசாமி முதலாளியின் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ஃபேன் கிடையாது, நாற்காலி கிடையாது, ஆனாலும் ஆபீஸ். காலை எட்டு மணிக்குத் தரையில் உட்கார்ந்து, குச்சிகளை வரிசை வரிசையாகச் சட்டத்தில் அடுக்க வேண்டும். அதற்குக் கட்டை அடுக்குவது என்று பேர்.

தை மாசம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. புருஷன் சோலைராஜுக்கு மணியாச்சியில் தண்டவாளத்துக்கு ஜல்லி போடும் கண்ட்ராக்டரிடம் வேலை. ஐந்து பேர் தங்கும் கொட்டகையில் அவனும் ஒருவன். இவள் கோவில்பட்டியில் அம்மா வீட்டில். கல்யாணமாகி ஏழு மாசத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த நாளை இரண்டு கை விரலுக்குள் எண்ணி முடித்துவிடலாம். இப்போதுதான் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் மூன்று நாள் லீவு. குளத்தூரில் சோலைராஜின் அக்கா வீடு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடல். முத்துச்செல்வி பிறந்ததிலிருந்து கரிசல் காட்டைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. புருஷனோடு போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையென்றால் அப்படி ஓர் ஆசை. ஆபீசில் அவளுக்கு இடப்பக்கம் உட்காரும் முத்துமாரியம்மாளிடம் இதைச் சொன்னாள், வலப்பக்கம் இருந்தவளிடமும் சொன்னாள், கடைசியில் கணக்கப்பிள்ளை கொம்பையாவிடமே சொல்லிவிட்டாள்.

மாடியில் சுந்தரபாண்டியன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கோவில்பட்டியில் மூன்று நாளில் பார்க்கத்தக்கவை பத்து என்று பட்டியல் அனுப்ப வேண்டும். கோயிலை எழுதினார், அடித்தார். கோயிலுக்கு ஜனங்கள் எப்படியும் போவார்கள், அதில் குழுவின் சாதனை என்ன இருக்கிறது? கடலை மிட்டாய்க் கடையை எழுதினார், அதையும் அடித்தார். அது தின்னத்தக்கது, பார்க்கத்தக்கது அல்ல. 'பஸ் ஸ்டாண்டு, காலைத் தோற்றம்' என்று ஒன்று எழுதினார். 'பஸ் ஸ்டாண்டு, மாலைத் தோற்றம்' என்று இன்னொன்று. இப்படியே உருட்டிப் புரட்டி ஒன்பது தேறியது. பத்தாவதுக்கு மூன்று நாள் யோசித்து, கடைசியில் எழுதினார்: 'தீப்பெட்டித் தொழிலாளர் பணியாற்றும் எழில்மிகு காட்சியினை நேரில் கண்டு களித்தல்.'

குருசாமி முதலாளிக்கு இதில் ஆட்சேபணையே இல்லை. தேசத்துக்காக எதையும் செய்வேன் என்றார். செய்ய வேண்டியது அவர் இல்லை என்பதால் குரல் கணீரென்று வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கொம்பையா ஆபீஸ் வாசலில் நின்று குழு அனுப்பிய காகிதத்தை வாசித்தார். இருபது பெண்கள் மூன்று நாளும் வர வேண்டும். நாலாவது பேர் முத்துச்செல்வி.

அவள் அப்படியே பாத்திரக் கடை மாடியேறிவிட்டாள்.

"சார், எனக்கு மூணு நாளு லீவு வேணும்."

"எந்த மூணு நாள்?"

"வெள்ளி, சனி, ஞாயிறு."

சுந்தரபாண்டியன் காலண்டரைப் பார்த்தார். "அது லீவுதானேம்மா?"

"ஆமா சார். அந்த லீவுலதான் லீவு கேக்குதேன்."

"வேலை நாள்ல லீவு கேட்டா குடுக்கலாம். லீவு நாள்ல எப்படிம்மா லீவு குடுக்கிறது? ரூல்ல இடமே இல்லையே."

"கட்டை அடுக்க வரச் சொல்லுதீங்களே, அது வேலை இல்லையா?"

"அது காட்சி."

"அப்ப கூலி?"

"காட்சிக்கு ஏதும்மா கூலி? கூலி குடுத்தா அது வேலையாயிடும். சுதந்திர தினத்துல வேலை வாங்கினா சட்டப்படி குற்றம். என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறியா?"

"அடுக்குன கட்டையை என்ன செய்வீங்க?"

"காட்சி முடிஞ்சு மிச்சம் கிடக்கிற பொருள் இடத்துக்குச் சொந்தக்காரருக்கு. அது முதலாளி பாடு."

"நான் வரலைன்னா?"

சுந்தரபாண்டியன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "லீவு நாள்ல ஆப்சென்ட் போட ரூல் இல்ல. அதனால திங்கட்கிழமைக்குச் சேர்த்துப் போட்டு, உன் பேரை எடுத்துடச் சொல்லுவேன்."

அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வர, முத்துச்செல்வி படியிறங்கினாள். இருக்கிற ஒரு வேலையையும் விட்டுவிட்டுக் கடலைப் பார்த்து என்ன செய்ய?

மறுநாள் சாயங்காலம் தெருமுனையில் போன் பூத் வைத்திருக்கும் கமால் பாய் குரல் கொடுத்தார். "ஏம்மா முத்துச்செல்வி, மணியாச்சியிலேருந்து உங்க வீட்டுக்காரரு!"

ஓடிப் போய் எடுத்தாள்.

"ஏட்டி, நாளைக்கு நான் வர முடியாது."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"என்னைய டூரிஸ்ட்டு ஆக்கிட்டாங்க."

"அப்படின்னா?"

"எங்கயோ கூட்டிட்டுப் போயி எதையோ காட்டுவாங்களாம். உள்ளூர்க்காரன் உள்ளூரைப் பாத்தா கணக்குல வராதாம், வெளியூர்க்காரன் வேணுமாம். கண்ட்ராக்டர் பத்து ஆளு தாரேன்னு ஏத்துக்கிட்டாரு."

"மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாம இருப்பனா? சுற்றுலாப் பயணி முகஞ்சுளிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"பஸ்ஸுல ஏறினப்புறம்தான் சொல்லுவாங்களாம். இப்பவே சொன்னா சுவாரசியம் போயிருமாம். சரி, நீ லீவுக்கு என்ன செய்யுதே?"

"என்னைக் காட்டப் போறாங்க" என்றாள் முத்துச்செல்வி.

வெள்ளிக்கிழமை காலையில் தீப்பெட்டி ஆபீசில் கொடியேற்றினார்கள். 'அன்னியரின் பிடியிலிருந்து விடுபட்டு, இன்று நாம் நினைத்ததைச் செய்யும் உரிமை பெற்றிருக்கிறோம்' என்று சுந்தரபாண்டியன் பேசினார். பேசி முடித்ததும் இருபது பெண்களையும் உள்ளே உட்காரவைத்துச் சுற்றிலும் கயிறு கட்டினார்கள். 'காட்சியிலுள்ள தொழிலாளருடன் பேசுதல் கூடாது. ஐயங்கள் வழிகாட்டி மூலம் மட்டும்' என்று பலகை தொங்கியது. வழிகாட்டி, சத்யபிரியா என்ற காலேஜ் பெண். கையில் மைக் வைத்திருந்தாள்.

பஸ் வந்து நின்றது. தலையில் மூவர்ணக் காகிதத் தொப்பியும் நெஞ்சில் 'வெளியூர்ப் பயணி' என்ற அட்டையுமாகப் பத்துப் பேர் இறங்கினார்கள். மூன்றாவதாக இறங்கியவன் சோலைராஜ்.

முத்துச்செல்வி கையிலிருந்த குச்சியெல்லாம் சிதறிவிட்டது.

"ஏட்டி, அது ஒன் வீட்டுக்காரர்லா?" என்றாள் முத்துமாரியம்மாள் காதோடு.

"ஆமாக்கா."

"இதோ நீங்கள் காண்பது கரிசல் மண்ணின் உழைக்கும் மகளிர்" என்று சத்யபிரியா தொடங்கினாள். "இவர்களுடைய விரல்களின் வேகத்தைக் கவனியுங்கள்."

சோலைராஜ் கை தூக்கினான். "எனக்கு ஒரு ஐயம். அந்த நாலாவது அம்மா காலையில சாப்பிட்டாங்களா?"

சத்யபிரியா திரும்பி, மைக்கில் கேட்டாள். "தாங்கள் காலை உணவு உண்டீர்களா என்று பயணி கேட்கிறார்."

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க. அவிய முகம் ஏன் வாடியிருக்குன்னு கேளுங்க."

"தங்கள் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று தொழிலாளர் கேட்கிறார்."

"ராத்திரி தூக்கம் இல்லைன்னு சொல்லுங்க. குளத்தூருக்குத் தகவல் சொல்லியாச்சான்னு கேளுங்க."

"தகவல் சொல்லியாச்சு. இங்கன எம்புட்டு நேரம் இருப்பாருன்னு கேளுங்க."

"நாற்பது நிமிடம்" என்று சத்யபிரியாவே பதில் சொல்லிவிட்டாள்.

"அவங்களை அழ வேண்டாம்னு சொல்லுங்க" என்றான் சோலைராஜ்.

"சார், இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் எங்களுக்குக் குடுத்த தாள்ல இல்லையே" என்று சத்யபிரியா தனி அலுவலரிடம் ஓடினாள்.

சுந்தரபாண்டியனோ பூரித்துப்போய் நின்றார். ஒரு வெளியூர்ப் பயணி, ஒரே தொழிலாளியைப் பற்றி, இத்தனை அக்கறையாக! பஸ் ஸ்டாண்டின் காலைத் தோற்றத்தில் ஒருத்தனும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவன் மட்டும் பதினோரு கேள்வி கேட்டிருக்கிறான். நாற்பது நிமிடம் முடிந்து விசில் ஊதினார்கள். சோலைராஜ் பஸ்ஸில் ஏறும்வரை பின்பக்கமாகவே நடந்து போனான்.

"ஏழு மாசத்துல இன்னைக்குத்தாம்ட்டி ஒங்கிட்ட இவ்வளவு பேசியிருக்காரு" என்று முத்துமாரியம்மாள் ஆறுதல் சொன்னாள்.

அன்றைக்கே அறிக்கை மேலே போயிற்று. மேலிருந்து பாராட்டும் கூடவே ஒரு யோசனையும் வந்தது. பார்க்கப்படுபவர் பார்க்கப்பட்டுக்கொண்டே இருப்பது சமத்துவம் ஆகாது. ஆகவே சனிக்கிழமை தீப்பெட்டிப் பெண்கள் இருபது பேரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். தலைக்கு ஒரு காகிதத் தொப்பி, நெஞ்சுக்கு ஓர் அட்டை. எங்கே போகிறது என்று சொல்லவில்லை.

போய் நின்ற இடம் மணியாச்சி. தண்டவாளத்து ஓரம் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், உச்சி வெயிலில், சோலைராஜும் மற்ற ஒன்பது பேரும் ஜல்லி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முத்துச்செல்வி கயிற்றை ஒட்டிப் போய் நின்றாள். தண்ணீர் குடித்தாரா என்று வழிகாட்டி மூலம் இரண்டு தடவை விசாரித்தாள். மூன்றாவது தடவை விசாரிக்கப் போகையில் யாரோ கையில் எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார்கள். பந்தல் நிழலில் நாற்காலி போட்டிருந்தது. உட்காருங்கள் என்றார்கள், 'ங்க' போட்டு. வேலை நேரத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாறு ஜில்லென்று இறங்கியது. புருஷனை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நாம் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் வேலை செய்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சாயங்காலமே அங்கேயே பரிசு அறிவித்தார்கள். சிறந்த பயணி சோலைராஜ், சிறந்த காட்சி முத்துச்செல்வி. இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி என்று கொம்பையா சொன்னபோது சுந்தரபாண்டியன் கொஞ்ச நேரம் யோசித்து, 'குடும்ப ஒற்றுமை' என்ற தலைப்பில் அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்துக்கொண்டார். பரிசு என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்து ஊர்ப் பட்டியலில் எந்தக் காட்சியை வேண்டுமானாலும் இரண்டு பேரும் ஒன்றாக, இலவசமாகப் பார்க்கலாம்.

"குளத்தூர் சார்" என்றாள் முத்துச்செல்வி, மூச்சுகூட விடாமல். "கடலைப் பாக்கணும்."

"கடல் பட்டியல்ல இல்லையேம்மா. அங்க யாரும் வேலை செய்யலை, அது சும்மா கிடக்கு. பக்கத்துல உப்பளம் இருக்கு."

போதும் சார் என்றார்கள் இருவரும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். விளாத்திகுளம் தாண்டும்வரை சோலைராஜ் அவள் கையைப் பிடித்தபடியே இருந்தான். அவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள், தொப்பியை மட்டும் கழற்றவில்லை. எதற்குக் கழற்றுகிறாய், நல்லாத்தான் இருக்கு என்று அவனும் சொல்லிவிட்டான்.

உப்பளத்தில் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று கண் கூசியது. வழக்கம்போலக் கயிறு, பலகை, வழிகாட்டி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள் முழங்கால் அளவு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவளுக்கு முத்துச்செல்வி வயசுதான் இருக்கும். "இவர் பெயர் மாரித்தாய்" என்றார் வழிகாட்டி. மாரித்தாய் குனிந்து ஒரு இழுப்பு இழுப்பாள், நிமிர்ந்து, வந்திருக்கிற கூட்டத்தில் யாரோ ஒருவரைத் தேடுவாள், மறுபடி குனிவாள்.

உப்பளத்துக் கரைக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. சோலைராஜ் அவள் தோளைத் தொட்டான்.

"ஏட்டி, அந்தா பாரு! கடலு!"

"சித்த இருங்க. இவிய உப்பு வாருததைப் பாத்துக்கிடுதேன், இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு."

"கரையில ஏறினா நல்லாத் தெரியும். வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"இருங்கன்னுதேன்லா?"

அப்போது மாரித்தாய் வாருவதை நிறுத்தினாள். நிமிர்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கூட்டத்தை முகம் முகமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

முத்துச்செல்வி சட்டென்று கை தூக்கினாள்.

"அந்தப் பிள்ளை எதுக்கு நிறுத்திட்டான்னு கேளுங்க" என்றாள் வழிகாட்டியிடம். "நாங்க எம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்கோம்!"