மடாம் தைத்த பிரெஞ்சுக் கவுன்

பிரான்ஸ் நாட்டுப் பிள்ளைகள் விசேஷத்துக்கு என்ன உடுத்தினார்கள் என்பது பற்றி இலங்கைத் தீவிலேயே அதிகம் பேசியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் தோட்டத்து மடாம்தான் முதலிடம். இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு ஆளே கிடைக்காது. அந்த விஷயத்தை அவரிடம் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மடாம் ஓர் ஆண். கட்டை மீசை, கழுத்தில் எந்நேரமும் தொங்கும், அளவெடுக்கிற இஞ்சி டேப், காதில் சொருகிய சோக்குக் கட்டி. தெரணியகலையிலிருந்து மேலே வரும் பஸ் திரும்புகிற இடத்தில், ரொட்டிக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் அவர் கடை. கடை என்றால் ஒரு தையல் மெஷினும் ஒரு ஆளும் பிடிக்கும். துணி கொண்டு வருகிறவர் ரோட்டில்தான் நிற்க வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையிலாவது இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் "மடாம் சொன்னாங்க" என்று தொடங்குவதால் அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. "மடாம், இந்த டவுசருக்கு எலாஸ்டிக் மாத்தணும்" என்று மலையிலிருந்து இறங்கும் கொழுந்து பறிக்கிற அக்காமார் கூப்பிடுவார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டே "ஆ, குடுங்க" என்பார். கூச்சம் என்பதே கிடையாது.

உண்மையான மடாம் ஒருவர் இருந்தார். வாலிப வயதில் நம் ஆள் கொழும்புப் பக்கம் ஒரு கார்மண்ட் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கிருந்து பிரான்சுக்கு ஒரு ஓடர் போனது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது போடுகிற நீளமான வெள்ளைக் கவுன்கள். லேபலில் 'ஆண் குழந்தை' என்று இருந்தது. பெட்டி கட்டும் பகுதியில் நின்ற நம் ஆள் அதைப் பார்த்தார். ஆம்பளப் பிள்ளைக்குக் கவுனா? வெள்ளைக்காரன் பிழை விட்டுவிட்டான், பாவம், நாமாவது திருத்துவோம் என்று, யாரையும் கேட்காமல் பெட்டி பெட்டியாக லேபலை மாற்றினார். லைனில் இருந்த அத்தனை பேரும் உற்சாகமாகக் கூட நின்று உதவினார்கள்.

விசாரிக்கப் பிரான்சிலிருந்து ஓர் அம்மா புறப்பட்டு வந்தார். அவர்தான் அந்த மடாம். திட்டவில்லை. எல்லோரையும் உட்கார வைத்து, அரை நாள் முழுக்கப் படம் போட்டுக் காட்டி, தங்கள் நாட்டுப் பிள்ளைகளின் உடுப்பு வரலாற்றை விளக்கினார். அவர் இங்கிலிஷில் சொன்னதை ஒரு சுப்பவைசர் சிங்களத்தில் சொன்னார். அதை நம் ஆள் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டார். ரப்பர் மரத்துப் பால் வாளியில் மழைத் தண்ணீர் விழுந்தால் பால் எப்படிக் கெட்டுப்போகுமோ, அந்த வரலாறும் அப்படித்தான் ஆனது. அந்த அரை நாளைத்தான் அவர் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுக்கப் போவீர்கள். தோளில் டேப்பை வைத்ததுமே ஆரம்பித்துவிடுவார்.

"அந்தக் காலத்துல பிரான்சுல பிள்ளைகளுக்குன்னு தனியா உடுப்பே கெடையாதுங்க. பெரிய தொரை போடுற கோட்ட அப்புடியே சின்னதா தச்சு மாட்டிருவாங்க. தலையில பவுடர் வேற. பொறவு ஒரு படிச்ச மனுசன் வந்து, 'அடேய், பிள்ளையள ஓட விடுங்கடா'ன்னு எழுதினாராம். அதுக்குப் பொறகுதான் கப்பக்காரன் உடுப்பெல்லாம் வந்திச்சு. ஆம்பளப் பிள்ளைக்கு ஆறேழு வயசு வரைக்கும் கவுன். மொத மொதல்ல காச்சட்ட போடுற அன்னைக்கு வீட்டுல பெருநாள் மாதிரி. மடாம் சொன்னாங்க."

"மடாம், கையைக் கட்டையா வைக்கிறீங்களா நீட்டா வைக்கிறீங்களா, அத சொல்லுங்க. பஸ் வருது."

"பஸ்ஸு அடுத்தது வரும்ங்க. வெல்வெட்டு இருக்கு பாருங்க, வெல்வெட்டு..."

நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கெம்பஸ் போனவன். யார் எதைச் சொன்னாலும் சரிபார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு விடுமுறைக்குப் போகுமுன் நூலகத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பாதி உண்மையாக இருந்தது! கவுன் உண்மை. கப்பல்காரன் உடுப்பு உண்மை. தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கும் பையனின் கையில் வெள்ளை ரிபன் கட்டுவதும் உண்மை. ஆனால் கோட்டில் ஏழு பொத்தான் இருந்தால் அரச குடும்பம், ஐந்து இருந்தால் வியாபாரி, மூன்று இருந்தால் கங்காணி மகன் என்றெல்லாம் சொன்னது சுத்தப் புளுகு. பிரான்சில் ஏது கங்காணி? முழுப் பொய்யனைக் கூடச் சகித்துக்கொள்ளலாம். பாதி உண்மை பேசுகிறவனிடம் மாட்டினால் விடிவே இல்லை.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தைத்தும் வைத்தார்.

சலூன்காரரின் மகனுக்குக் காது குத்தினார்கள். மடாம் இலவசமாகச் சட்டை தைத்து, இடது கையில் பெரிய வெள்ளை ரிபனையும் கட்டி அனுப்பினார். கோயிலில் பார்த்தவர்கள் எல்லோரும் "அய்யோ, கை ஒடஞ்சிருச்சா?" என்று கேட்டார்கள். மருத்துவிச்சி ஒரு படி மேலே போய், "ஊசி போட்டா இப்படியா கட்டுறது? அவுருங்க, ரத்த ஓட்டம் நின்னுரும்" என்று அவிழ்த்தே விட்டார். குத்தின காதை யாரும் பார்க்கவில்லை.

பரிசளிப்பு விழாவுக்கு ஒரு பிள்ளைக்குக் கப்பல்காரன் கொலர் வைத்தார். முதுகுப் பக்கம் அகலமாகத் தொங்குமே, அந்தக் கொலர். எங்கள் பக்கத்து மழை சொல்லிக்கொண்டா வருகிறது? மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கொலர், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற சிரட்டை மாதிரி நிறைந்துவிட்டது. பிள்ளை பரிசு வாங்கக் குனிந்தபோது மொத்தத் தண்ணீரும் பிரதம விருந்தினரின் சப்பாத்தில் இறங்கியது. இன்னொருவனுக்கு முழங்கால் வரை காற்சட்டையும் நீள வெள்ளைக் காலுறையும். பனி பெய்தாலும் பிரெஞ்சுப் பையன்கள் கட்டைக் காற்சட்டைதான் போடுவார்களாம். அங்கே பனி, இங்கே ரத்தம் குடிக்கிற அட்டை. வெள்ளைக் காலுறை விழா முடியும்போது சிவப்பாகியிருந்தது.

"மடாம், அட்டையப் பத்தி ஒங்க மடாம் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"அவங்க நாட்டுல அட்டை படிப்பறிவோட இருக்கும் தம்பி" என்றார்.

இப்படிப்பட்டவரிடம் போய் எங்கள் அக்காவின் கல்யாணத்துக்குத் துணி கொடுத்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் கொடகவெலயில் ஹார்ட்வெயார் கடைக்காரர்கள். மாப்பிள்ளைக்கு அக்காவைப் பிடித்திருந்தது. அவருடைய அம்மாவுக்குத் தோட்டத்து லயத்துச் சம்பந்தம் பிடிக்கவில்லை. மணப்பெண்ணுக்கு முன்னால் இரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு பையன் பூத்தட்டோடு நடந்து வருவது என்று ஏற்பாடு. அந்த அம்மா போன் எடுத்து எங்கள் அம்மாவிடம் சொன்னார்: "எங்க பேரனுக்குக் கோட் சூட் எடுத்தாச்சு. ஒங்க பக்கத்துப் பிள்ளைக்கும் பாத்து ஒழுங்கா ஏதாச்சும் போட்டு விடுங்க."

போனை வைத்த பிறகு எங்கள் வீட்டில் அந்த 'ஒழுங்கா' மட்டும் மிச்சம் இருந்தது. அம்மா அதையே சொல்லிச் சொல்லி அரிசி புடைத்தார். அப்பா காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும்போதும் அதை முணுமுணுத்துக்கொண்டு போனார். அண்ணன் மகன் தர்ஷன்தான் எங்கள் பக்கத்துப் பையன். அக்காவோ, அந்தப் புது வீட்டில் தன்னை நாற்காலியில் உட்கார வைப்பார்களா, குசினி வாசலில் நிறுத்துவார்களா என்பதை இந்த ஆறு வயதுப் பயலின் உடுப்புத்தான் தீர்மானிக்கப் போகிறது என்பது மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் விற்கிற கோட் எதுவும் தர்ஷனின் ஈர்க்கில் உடம்பில் நிற்கவில்லை. வேறு வழியில்லை. அண்ணன் மடாமிடம் விரல் நீட்டிச் சொன்னார்: "கோட். நீளக் காச்சட்ட. டை. பிரான்ஸ் மட்டும் வேணாம்."

"ஹரி தம்பி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டார்.

கல்யாணத்தன்று காலை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தபோதுதான் பார்சலோடு ஓடிவந்தார். பிரித்தோம். கருநீல வெல்வெட் கோட். அதோடு பொத்தான் போட்டு இணைக்கிற முழங்கால் காற்சட்டை. கழுத்துக்கு, இடியப்பத் தட்டு அளவில் ஒரு லேஸ் கொலர். அடியில் இன்னொன்றும் இருந்தது: நீலப் பட்டி வைத்த வெள்ளைக் கவுன்.

"இது என்னாது?" என்றார் அண்ணன்.

"அது சும்மா. ஒருவேள ஒங்க மனசு மாறினா..."

அண்ணன் அடிக்கப் போனார். அப்பா பிடித்துக்கொண்டார். மாற்ற நேரமில்லாததால் தர்ஷன் வெல்வெட்டோடு பஸ் ஏறினான். மடாமும், யாரும் கூப்பிடாமலே, கவுன் பையோடு பின் சீட்டில் ஏறினார்.

மண்டபத்தில் எங்கள் பையன் இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "அனே, இன்னைக்கு நாடகமும் இருக்கா?" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தர்ஷனைக் கொலரிலிருந்து கால் வரை பார்த்து, "ம்" என்றார். அவ்வளவுதான். மணப்பெண் அறை ஜன்னலில் நின்ற அக்கா திரையை இழுத்து மூடினாள்.

அவர்கள் பக்கத்துப் பையன் ரிஷி, ஐந்து வயது. கறுப்புக் கோட், உள்ளே ஒரு கோட், நீளக் காற்சட்டை, பெல்ட், டை. குட்டி மெனேஜர் மாதிரி நின்றான். குட்டி மெனேஜர் கொஞ்ச நேரத்தில் கால்களைப் பின்னத் தொடங்கினார். அவனுடைய அம்மா அவசரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். காற்சட்டை சிப், உள்ளே விட்டிருந்த சேர்ட்டைக் கவ்விக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அம்மா இழுத்தார். சித்தப்பா இழுத்தார். கெமராக்காரச் சிங்கள மாத்தயா மெழுகுதிரி தடவிப் பார்த்தார். பையன் மண்டபம் அதிர வீரிட்டான்.

"பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நேரம் போகுது!" என்று மேடையிலிருந்து ஐயர் கத்தினார்.

யாரோ கத்திரியை எடுத்தார்கள். "வாடகைக் கோட்டு! வெட்டாதீங்க!" என்று மாப்பிள்ளையின் அம்மா பாய்ந்தார்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மடாம் போனார். சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, காற்சட்டையின் பக்கத் தையலை ஒவ்வொரு இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார். துணியில் ஒரு கீறல் விழவில்லை. வாய் மட்டும் சும்மா இருக்குமா? வழக்கம்போல் ஓடத் தொடங்கியது. நான் தலையில் கை வைத்தேன்.

"அழாத ராசா. பிரான்சுல ஒரு எளவரசன் இருந்தான். ஒன்ன மாதிரியே இறுக்கக் கோட்டு. ஒன்ன மாதிரியே கத்தினான்."

அழுகை பாதியில் நின்றது. "அவனுக்கும் மூத்திரம் வந்திச்சா?"

"வராமலா! மந்திரி இழுக்குறாரு, தளபதி இழுக்குறாரு, சிப்பு வரல."

"பொறவு?"

"பொறவு ராணி வந்து பாத்தாங்க. 'இந்த நாட்டுல இனிமே ஒரு பிள்ளையும் இறுக்கமா உடுத்தக் கூடாது, எல்லாரும் கவுன்'னாங்க. அன்னைக்கு வந்ததுதான் சட்டம்."

தையல் பிரிந்தது. பையன் காற்றாகப் பறந்து காரியம் முடித்துவிட்டு, திரும்பி வந்து மடாமுக்கு முன்னால் நின்று கேட்டான்: "கவுன் எங்க?"

பையைத் திறந்தார். யாரும் தடுப்பதற்குள் ரிஷி வெள்ளைக் கவுனுக்குள் தலையை நுழைத்துவிட்டான். நீலப் பட்டியைக் கட்டியதும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். கழற்றச் சொன்னால் மறுபடி வீரிட்டான்.

மண்டபமே மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தது. எங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா கவுனைப் பார்த்தார். பக்கத்தில் வந்து அதன் கழுத்தைச் சரிசெய்தார். பிறகு, மேடையில் வேட்டியும் தலைப்பாகையுமாக வியர்த்துக்கொண்டிருந்த தன் மகனை நோக்கிக் கையை நீட்டினார்.

"இவரும் அஞ்சு வயசு வரைக்கும் கவுனோடதான் கடையில திரிஞ்சார். காச்சட்ட போட்டா கடிப்பார்!"

மாப்பிள்ளை தலைப்பாகையை முகத்துக்கு இறக்கினார். திரைக்குப் பின்னாலிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து கேட்காத சத்தம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். நேரே போய்த் திரையை விலக்கி, "வாம்மா, போவோம்" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தானே மேடை வரை நடந்து வந்தார். முன்னால் வெல்வெட் ஒருவன், கவுன் ஒருவன். "ஹரி லஸ்ஸணாய்!" என்று சிங்களத்தில் அழகை மெச்சியபடி கெமராக்காரர், மணமக்களை விட்டுவிட்டு இவர்களையே எடுத்துத் தள்ளினார்.

பந்தியில் மடாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "அந்த எளவரசன் கத, அந்தச் சட்டம், அதெல்லாம் மடாம் சொன்னாங்களா? சிப்பெல்லாம் அந்தக் காலத்துல ஏது?"

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "இல்ல தம்பி. இது நான் சொன்னது."

அதற்குப் பிறகு மனிதர் திருந்தினார் என்று நினைக்காதீர்கள். முன்பாவது ஒரு மடாம்தான். இப்போது ராணியும் தளபதியும் சேர்ந்துகொண்டார்கள். கொடகவெலயிலிருந்தெல்லாம் ஆள் வந்து ரோட்டில் நின்று கேட்கிறது. ஏழு பொத்தான் கதை புளுகு என்று நான் இன்றைக்கும், எங்கே வேண்டுமானாலும், அடித்துச் சொல்வேன்.

அக்காவின் மகனுக்கு இப்போது இரண்டு வயது. போன மாதம் கோயில் திருவிழாவுக்கு, கேட்காமலே, மடாமிடமிருந்து பார்சல் வந்தது. லேஸ் கொலர் வைத்த வெள்ளைக் கவுன். ஆண் பிள்ளைக்கு இதைப் போடக் கூடாது என்று நான் காரணத்தோடு எடுத்துச் சொன்னேன். அக்காவும் கேட்கவில்லை, அவள் மாமியாரும் கேட்கவில்லை. புறப்படும்போது பார்த்தால், பையில் மடிந்து வந்த கொலரில் ஒரு பக்கம் சுருக்கம் விழுந்திருந்தது. கோயிலுக்கு மடாமும் வருவார். சுருக்கத்தைக் கண்டால் அந்த மனுசன் சாப்பிட மாட்டார். எல்லோரையும் வேனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நான்தான் அந்தக் கொலரை ஸ்திரிக்கை போட்டு நிமிர்த்தினேன்.