ஆமா பெரியப்பா

பெரியப்பா பேச்சை நிறுத்தியதும், வழக்கம்போல அவள் சிரித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனுக்கு அவளிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான். அவர் மூச்சு விட்டால் "ஆமா பெரியப்பா." குரல் ஏறினால் "அப்படியா பெரியப்பா." நீளமாக நிறுத்தினால் ஒரு சிரிப்பு. கைக்குழந்தைப் பருவம் தாண்டியதுமே பெற்றோரோடு இந்த நாட்டுக்கு வந்தவள். இப்போது பத்தாம் வகுப்பு. இந்த ஊர் மொழி நாக்கில் ஏற ஏற, வீட்டு மொழி நழுவிக்கொண்டே போனது. பெரியப்பா வேகமெடுத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபடும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

"சரிம்மா," என்று பெரியப்பா போனை வைத்தார்.

சாயங்காலம் அப்பா ஞாயிறு ஷிப்ட் முடிந்து வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டெய்லர் மாமா போயிட்டாராம். பெரியம்மா மெசேஜ் அனுப்பியிருக்காங்க. பெரியப்பா உன்கிட்ட சொன்னாராமே?"

டெய்லர் மாமா பெரியப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர், உயிர்த் தோழர். அவளுக்கு முதல் கவுன் தைத்தவர். அவர் செத்த சேதிக்குத்தான் அவள் சிரித்திருக்கிறாள்.

கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ என்னம்மா சொன்னே?"

"ஆறுதல்... சொன்னேன்." வாய் முந்திக்கொண்டது.

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி, "கேட்டியா? பிள்ளை நம்மளை விட்டு விலகிப் போறாளோன்னு பயந்தோமே. பெரியவங்களுக்கே ஆறுதல் சொல்ற அளவுக்கு வளர்ந்துட்டா," என்றார்.

அம்மா வந்து அவள் தலையைத் தடவினாள். அந்தக் கைக்கு அடியில் அவள் குறுகிப் போனாள். பளாரென்று ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"இன்னொரு தடவை பேசிடும்மா. உன் குரலைக் கேட்டாத்தான் அண்ணனுக்கு மனசு ஆறும்," என்றார் அப்பா.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனிலிருந்த மொழிபெயர்ப்பு ஆப்பைத் தட்டினாள். அது கொடுத்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு பெரியப்பாவைக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, நீங்கள் இறந்ததற்கு நான் மிகவும் வருந்துகிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கேயோ இடித்தது. இறந்தது இவர் இல்லையே.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் பெரியப்பா. "அப்படியே அப்பா அம்மாவுக்கும் சொல்லிடு."

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தாள். இனி மூடி மறைத்துப் பயனில்லை.

"பெரியப்பா, எனக்கு... தமிழ் வரலை. நீங்க சொல்றது புரியலை. ஆமா சொன்னது எல்லாம் பொய். மாமா செத்தாங்க, நான் சிரிச்சேன். நான் கெட்ட பொண்ணு."

"அப்படித்தாம்மா இருக்கணும். நல்லா இரு."

அவள் விம்மி அழ ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"யாரு, பாப்பாவா? ஏன் அழறே?" பெரியம்மாவின் குரல்.

தெரிந்த சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கி, சிரித்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பெரியம்மா குரலைத் தாழ்த்தி, பச்சைக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவருக்குக் காது கேக்காம போய் ரொம்ப நாளாச்சு கண்ணு, உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே... இதுல, தம்பி பொண்ணு என்னமா தமிழ் பேசுறான்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் பெருமை வேற அடிச்சிக்கிட்டிருக்காரு."