மூவாயிரம் கிலோமீட்டரும் காலி வயிறும்

ஏற்காட்டில் வளர்ந்த எங்களுக்குத் தூரத்தை அளப்பது வயிறுதான். இட்லி சாப்பிட்டுவிட்டு சேலம் பஸ்ஸில் ஏறியவர் எந்த வளைவில் ஜன்னலுக்குப் பாய்வார் என்று கண்டக்டரே சொல்லிவிடுவார். அதனால் மலை இறங்கும் நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணமானது. ஒரே வாரத்தில் வீட்டுக்காரர் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க வெட்கத்தில் அவருடைய சட்டைப் பொத்தான்களை மட்டுமே பார்த்திருந்தேன். முகம் சரியாக நினைவில்லை. (இதை யாரிடம் சொல்வது?) அங்கே போய் இறங்கும்போதாவது லட்சணமாக நின்று, நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். அதுதான் என் ஒரே லட்சியம். கண்ணாடி முன் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

மெட்ராஸிலிருந்து கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் நாலு மணி நேரம் என்று அவர் எழுதியிருந்தார். எஸ்டேட் ஜீப் ஓட்டும் அப்பா ஆடிப்போனார்.

"ஏங்கண்ணு, சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர். அதுக்கே ஒரு மணி நேரம் ஆகுது. மூவாயிரத்தை நாலு மணி நேரத்துல ஓட்டறான்னா, வளைவுல பிரேக்கே புடிக்க மாட்டானாட்ட இருக்குது!"

"வானத்துல ஏதுங்கப்பா வளைவு?"

"மேகத்தைச் சுத்திப் போவோணுமில்ல சாமி?"

அம்மா முடிவே சொல்லிவிட்டாள். "கெளம்பற அன்னைக்குக் காலைல இருந்தே புள்ளைக்குச் சோறு கெடையாது."

சேலம், ராத்திரி ரயில், மெட்ராஸ், விமானம் என்று எல்லாம் காலி வயிற்றோடுதான். எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்தி, கண்ணை மூடி முதல் வளைவுக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. விமானம் நிறுத்திவைத்த ஜீப் மாதிரி அசையாமல் இருந்தது. சோறும் கோழிக்குழம்பும் ஒரு துண்டு கேக்கும் மணக்க மணக்க வந்தன.

"சாப்பிடலியாம்மா?" என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர்.

"வளைவெல்லாம் முடியட்டுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப அந்தக் கேக்கை நான் எடுத்துக்கட்டுமா?"

இறங்குவதற்காக எழுந்து நின்றேன். அதுவரை வராத வளைவெல்லாம் மொத்தமாக வந்தது. என் கேக்கைத் தின்றவர் மடியிலேயே விழுந்தேன்.

கண் விழித்தபோது சக்கர நாற்காலியில் இருந்தேன். யாரோ அடித்த தண்ணீரில் பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது. மல்லிகைப்பூ காதில் தொங்கியது. சேலையைப் போர்த்தி, தலை தொங்க, வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

வாசலில் பூங்கொத்தோடு ஒருவர் எம்பி எம்பி யாரையோ தேடிக்கொண்டிருந்தார். நாற்காலி வந்ததும் மரியாதையாக ஒதுங்கி, பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார்: "கொஞ்சம் வழி விடுங்க, பாட்டியம்மா வர்றாங்க."

எனக்கு அந்தக் குரல் தெரியும். நிமிர்ந்து, வாழ்க்கையிலேயே முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். அழகான முகம்தான். ஒத்திகை பார்த்த சிரிப்புதான் வரவில்லை.

"நாந்தானுங்க... திங்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

போன மாதம் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். "பாட்டி ஆயிட்டீங்களே!" என்று வாழ்த்த வருகிறவர்களை எல்லாம் அவர் உட்காரவைத்துத் திருத்துகிறார்: "இப்ப இல்லீங்க. இவ கல்யாணமான புதுசுலயே ஆயிட்டா."