பஸ் பிஷப்

தனக்கு அடித்த மேளத்தைத் தானே ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்த பிஷப், உலகத்திலேயே எங்கள் ஆள் ஒருவர்தான்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் பிறந்தவர். அம்மா கொழுந்து பறித்தவர். ஹட்டனில் படித்துப் பாதிரியாரானார். இருபது வருஷம் மலை மலையாக ஏறி இறங்கி எங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தார், கல்யாணம் முடித்து வைத்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். பிறகு பிஷப் ஆக்கிவிட்டார்கள்.

சபை கார் கொடுத்தது. அவரோ பஸ்ஸில்தான் வருவார். கேட்டால், "கார்ல யாரும்மா நம்மகூட பேசுறாங்க?" என்பார்.

பிஷப்பாகி முதன்முதலாக வந்த அன்று, தோட்டமே மாலையோடு சந்தியில் நின்று காரைத் தேடியது. பஸ்ஸிலிருந்து, தலையில் துண்டும் முகத்தை மறைக்கும் பலாப்பழமுமாக ஒருவர் இறங்கினார். பக்கத்து சீட்டுக்காரி பிடிக்கச் சொன்ன பழமாம்.

"யாருக்கும்மா மேளம்?"

"பிஷப்பு வாறாரு. வழியில நிக்காதீங்க, ஒதுங்குங்க!" என்றார் என் பெரியம்மா, கார் வரும் வழியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒதுங்கினார். அரைமணி நேரம் மேளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றார். சந்திக் கடையில் சாமான் வாங்கிவிட்டுப் பழத்துக்காரி வந்து, "பிஷப் ஐயா, பழத்தக் குடுங்க" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. பெரியம்மா ஒரு வாரம் கோயில் பக்கமே போகவில்லை.

அப்புறம் அந்த மழை வந்தது. மேல் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, சுவர்கள் பிளந்தன. அத்தனை குடும்பங்களையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சரான என் வகுப்பில் மட்டும் ஐந்து குடும்பம். மழை விட்டதும், "லயத்துக்கே திரும்பிப் போங்க" என்று உத்தரவு வந்தது. வெடித்த சுவருக்குள் பிள்ளைகளை எப்படிப் படுக்க வைப்பது?

ஜெபம் பண்ண வந்த பிஷப் அதைக் கேட்டார். கைப்பையை என் மேசைக்கடியில் வைத்தார். போகவில்லை.

கரும்பலகைக்குக் கீழே பாயில் படுத்தார். வாளியோடு கக்கூஸ் வரிசையில் நின்றார். அவர் குறட்டைக்குப் பயந்து இரண்டு குடும்பம் நான்காம் வகுப்புக்கு மாறியது. கொழும்புச் சபை அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது.

"நான் மூணாம் வகுப்புல இருக்கேங்க... எப்ப வருவேனா? இவங்க எல்லாம் பாஸானதும் வாறேன்."

மூன்றாம் நாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பதினோராம் நாள் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். உட்கார அவருக்குக் கிடைத்தது பிள்ளைகளின் குட்டி நாற்காலி. முழங்கால் தாடையில் இடிக்க, பாதுகாப்பான இடத்தில் காணி தருவதாகக் கையெழுத்துப் போட்டார். வீடு எழும்ப வருஷக்கணக்கானது; அதுவரை தகரக் கொட்டகைதான். ஆனால் யாரும் அந்த லயத்துக்குத் திரும்பவில்லை.

இப்போது ஓய்வு பெற்றுக் கொழும்பில் இருக்கிறார். மூச்சு வாங்குவதால் மலை ஏறக் கூடாதென்று டாக்டர் தடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எனக்குப் போன் வரும்.

"டீச்சர், அங்க மிஸ்ட் எறங்கிருச்சா?" மலையை மூடும் பனிமூட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

ஒரு தடவை, "இல்லீங்க ஐயா, நல்ல வெயிலு" என்றேன். "அப்படியா... நான் இங்க கண்ண மூடிக்கிட்டு மிஸ்டுக்குள்ளதான் நடந்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அதிலிருந்து, வெயில் கொளுத்தினாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "எறங்கிருச்சுங்க ஐயா. எதிர்மலையே தெரியல."