ஒல்லியும் தடியனும் டாம்பர் அண்ணையும்

உலகத்தில் ஒருவர்கூட நேர்மையாக ஊதுவதில்லை என்று மனதார நம்பி, அந்த நம்பிக்கைக்குச் சம்பளமும் வாங்கிய ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து டாம்பர் அண்ணைதான்.

ஊதுவது என்றதும் புல்லாங்குழலை நினைத்துவிடாதீர்கள். 2009இல் லண்டன் குரோய்டனில், ஒரு கார்ப்பெட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்று கம்பனிகள் பயப்படும் சாரதிகளுக்கு நாங்கள் ஒரு சின்ன மெசினைக் கொடுத்துவிடுவோம். அவர்கள் வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டில் நின்றபடியே அதற்குள் ஊத வேண்டும். மூச்சில் மது இருக்கிறதா என்று மெசின் பார்க்கும். ஊதும்போதே முகத்தைப் படமும் பிடித்து எங்களுக்கு அனுப்பும். குடித்தவன் தனக்குப் பதிலாக மைத்துனனை ஊத வைத்துவிட்டால்? அதற்குத்தான் படம். முகம் பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் படம் எங்கள் திரையில் வந்து விழும். பிழை இல்லையென்றால் பச்சைப் பொத்தான். ஏமாற்று என்றால் சிவப்பு. சிவப்புக்கு அலுவலகப் பெயர் 'டாம்பர்', தில்லுமுல்லு என்று அர்த்தம்.

அண்ணைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஜெர்மனியில் கனகாலம் பேக்கரியில் நின்றுவிட்டு லண்டன் வந்த யாழ்ப்பாணத்துக்காரர். படம் வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், திரையில் மூக்கு முட்டக் குனிவார், மேசையில் ஓங்கி அடித்து "டாம்பர்!" என்பார். பச்சைப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதே எங்களுக்குச் சந்தேகம்.

ஒருமுறை தலையில் துவாய் கட்டிய ஒரு பெண் ஊதியிருந்தாள். "விடியவெள்ளன குளிச்சிட்டு ஆர் ஊதுவினம்? துவாய்க்குள்ள வேற ஆள்" என்றார். சிவப்பு. இன்னொருவர் படத்தில் தோளுக்குப் பின்னால் ஒரு பூனை எட்டிப் பார்த்தது.

"அண்ணை, முகம் வடிவாத் தெரியுதே. இதில என்ன பிழை?"

"தம்பி, மனுசன் கமராவைப் பாக்கிறான். பூனை மெசினைப் பாக்குது. ஆருக்கு மெசினில அக்கறை கூட?"

"பூனையே ஊதினது?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. நீர்தான் சொல்லுறீர்."

சிவப்பு.

புது மெசின்கள் வந்த அன்று, சோதித்துப் பார்க்க நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு தடவை ஊதினோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊதியதால் அண்ணையின் படத்தில் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்து, அது அவருடைய திரையிலேயே வந்து விழுந்தது. அண்ணை குனிந்து பார்த்தார். "இவன்ர முழியைப் பாருங்கோ. கள்ளன் எண்டு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு. டாம்பர்!" பொத்தானை அழுத்திய பிறகுதான் படத்தில் இருப்பது தன் சேர்ட் என்று கண்டார். அதற்குப் பிறகும் பின்வாங்கவில்லை. "வெளிச்சம் பிழை" என்றார்.

இப்படிப்பட்டவரை நிறுவனம் துரத்தியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. சிவப்பு விழ விழக் கம்பனிகள், "பார்த்தீர்களா, எத்தனை பேரைப் பிடிக்கிறது!" என்று மகிழ்ந்து இன்னும் மெசின் கேட்டன. எங்கள் மேலாளர் கரோல் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, அண்ணைக்கு மாதத்தின் சிறந்த ஊழியர் என்று கைதட்டிச் சான்றிதழ் கொடுத்தார். அண்ணை அதை இரண்டு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். கையெழுத்து கரோலுடையதுதானா என்று அவருக்கு ஐயம்.

அவருடைய வாழ்நாள் சாதனை 'ஒல்லியும் தடியனும்'. அப்படி அவரே பெயர் வைத்த ஒரு வழக்கு. எங்கள் திரையில் சாரதிகளின் பெயர் வராது, இலக்கம் மட்டும்தான். ஓர் இலக்கத்துக்குப் பதிவில் இருந்த முகம் ஒட்டி உலர்ந்த ஒல்லி. ஊதும் படத்திலோ இரண்டு பக்கமும் கன்னம் புடைத்த ஒரு தடியன்.

"அண்ணன் தம்பி" என்று அண்ணை தீர்ப்புச் சொன்னார். "ஒல்லி தண்ணியடிக்கிறான், தடியன் ஊதுறான். தாய் தகப்பன் வளர்த்த வளர்ப்பைப் பாத்தீரோ!"

ஒவ்வொரு காலையும் தடியன் வந்தான். ஒவ்வொரு காலையும் மேசை அதிர்ந்தது. சில நாளில் அந்த இலக்கம் வருவது நின்றுபோனது. ஆளை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள் என்று அறிந்தோம். அண்ணை அன்று எல்லோருக்கும் தன் கையால் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

இது நடந்து இரண்டொரு கிழமையில் அவருடைய மாதா கோயில் பங்கில் திருவிழா. என்னையும் வரச்சொன்னார். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. நான் ரோல்ஸ் தட்டோடு குந்தியிருந்தேன். அண்ணை தன் ரோல்ஸைப் பிரித்து உள்ளே மீன்தானா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மேடையில் மன்னார்ப் பெடியள் சேர்ந்து அமைத்த பாண்ட் ஏறியது. நடுவில் ஒட்டி உலர்ந்த ஒருவர் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். வைத்து ஊதினாரோ இல்லையோ, அவருடைய கன்னங்கள் இரண்டும் பேக்கரிப் பணிஸ் போலப் பொங்கி எழுந்தன. முகமே மாறிப்போயிற்று. மூச்சு எடுக்கும்போது ஒல்லி. ஊதும்போது தடியன்.

அண்ணை எழுந்து நின்றார். மாதா பாட்டு உச்சத்துக்குப் போன நேரம், மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினார்: "ஐயோ, ரெண்டும் ஒரு ஆள்!"

பாட்டு நின்றது. சுவாமியார் திரும்பிப் பார்த்தார். நான் ரோல்ஸ் தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்தேன்.

டிரம்பெட்காரரின் பெயர் அருள். வான் ஓட்டும் வேலை. இடைவேளையில் அண்ணை அவரை மூலைக்குக் கூட்டிப்போய், "நீர் காலமை மெசினில ஊதுறனீரோ?" என்று கேட்டார். அந்த மனிதரின் முகம் கறுத்தது.

"உங்களுக்கு ஆர் சொன்னது? ஊதினனான் அண்ணை. இப்ப வேலையில்லை. குடியை விட்டு ரெண்டு பெருநாள் போச்சு. வேற ஆளை வச்சு ஊதுறன் எண்டு மெசின் சொல்லிப் போட்டுதாம். மனிசியும் நம்பேல்லை. மெசின் பொய் சொல்லுமோ எண்டு கேக்கிறாள். நான் எங்க ஒளிச்சு வச்சுக் குடிக்கிறன் எண்டு அலுமாரி எல்லாம் தேடுறாள்."

அண்ணை கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்தார். பிறகு சொன்னார்: "மெசின் சொல்லேல்லைத் தம்பி. நான்தான் சொன்னனான்."

அருள் அடிப்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் டிரம்பெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுகிற குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் வேற எப்பிடி அண்ணை ஊதுறது?"

திங்கட்கிழமை காலை அண்ணை கரோலின் அறைக்குள் போனார். கையில் அருளிடம் இரவல் வாங்கிய டிரம்பெட். ஊதினால் முகம் எப்படி மாறும் என்று செய்துகாட்டப் போகிறாராம். ஊதினார். கன்னம் அசையவே இல்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. கன்று போடும் மாட்டைப் போல ஒரு சத்தம் எழுந்து, கார்ப்பெட் கடைக்காரர் மாடிக்கு ஓடி வந்துவிட்டார்.

"போதும்!" என்று கரோல் காதைப் பொத்தினார். "அந்தச் சாரதி யார் என்று உனக்கு எப்படித் தெரியும்? அவரோடு பேசினாயா?"

"பேசினேன்" என்றார் அண்ணை. பேசக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. "நான் பிழை விட்டுவிட்டேன். சிவப்பை எடுங்கள்."

படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒல்லிக்கும் தடியனுக்கும் ஒரே புருவத்தில் ஒரே வெட்டுத் தழும்பு. ஒவ்வொரு நாளும் அண்ணையின் மூக்கு நுனியில் அது இருந்திருக்கிறது. அவர் கன்னத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

சிவப்பை எடுத்தார்கள். அருளுக்கு வான் திரும்பக் கிடைத்தது. மனைவியிடம் கரோலே போனில் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அண்ணைக்கு விதியை மீறியதற்காக எச்சரிக்கை கொடுத்து, படம் பார்ப்பதிலிருந்து எடுத்து, ஊதுகுழாய்களைப் பையில் போட்டு ஒட்டும் மேசையில் இருத்தினார்கள். ஊரில் உள்ளவனையெல்லாம் பிழையாகப் பிடித்தபோது சான்றிதழ். ஒருவனைச் சரியாக விடச் சொன்னபோது தண்டனை. எங்கள் அலுவலகம் எப்போதும் ஒழுங்கான அலுவலகம்.

அன்று மாலை டிராம் தரிப்பில் நாங்கள் இருவரும் நின்றோம். அண்ணை கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். இப்பிடி எத்தினை பேரைப் பிழையாப் பிடிச்சிருப்பன்?"

"அருள் மட்டும்தான் அண்ணை. மற்றதெல்லாம் சரி."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என் முகத்தை உற்றுப் பார்த்தார். 'டாம்பர்' என்று சொல்லவில்லை. "ஓம், ஓம்" என்று மெதுவாகத் தலையாட்டினார்.

டிராம் வந்தது. ஒரு சீட்தான் இருந்தது. அவரை இருத்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன். நான் இறங்க வேண்டிய தரிப்பு வந்து போனது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் இறங்கவில்லை.