ரீகா வண்டி நமக்காக நின்றது

அன்புத் தங்கை மிர்ட்ஸாவுக்கு அண்ணன் ஆர்வீட்ஸ் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உன் இடுப்பெலும்பு கூடிவிட்டதா, டாக்டர் ஊன்றுகோலைக் கீழே போடச் சொன்னாரா என்று அறிய ஆவல்.

நினைவுக்கல் நட்டாகிவிட்டது! அதுவும் ரயில் நிலையத்திலேயே! கம்யூனிஸ்டுகள் அப்பாவையும் மற்றவர்களையும் மாடு ஏற்றும் பெட்டிகளில் அடைத்து சைபீரியாவுக்கு அனுப்பியது அங்கிருந்துதானே, கல்லும் அங்கேதான் நிற்கணும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். நகரசபைத் தலைவர் கிர்ட்ஸ், இன்னும் கம்யூனிஸ்ட் கட்சி அட்டையைப் பையில் வைத்திருக்கிற அந்தப் பூசணிக்காய், "பிரயாணிங்க மனசு சங்கடப்படும், பூங்காவுல வாத்துக் குளத்துப் பக்கம் வைங்க"ன்னுட்டார். அப்பா என்ன வாத்தா?

வேற வழியில்லாம சரின்னு, தன் வயல்ல கிடந்து நாங்க பேரெல்லாம் வெட்டி வச்சிருந்த பாறையை நேத்து நம்ம பக்கத்துப் பண்ணை ஓயார்ஸ் டிராக்டர்ல கட்டி பூங்காவுக்கு இழுத்துட்டு வந்தான். ஸ்டேஷன் பக்கத்து லெவல் கிராசிங்ல சங்கிலி அறுந்து பாறை தண்டவாளத்து மேலயே உட்கார்ந்துடுச்சு. தலைநகர் ரீகாவுக்குப் போற வண்டி வர்ற நேரம்! உன் அண்ணியோட சிவப்புக் கோட்டை உருவி ஆட்டிக்கிட்டே ஓடினேன். இந்த ஊர்ல சிவப்புத் துணி நல்ல காரியத்துக்கு ஆடினது அதுதான் முதல் தடவை. வண்டி என் மூக்குக்கு முன்னால நின்னுது. டிரைவர் குதிச்சு இறங்கி, "யோவ் பெரியவரே, சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா?"ன்னான்.

"செத்தவங்களுக்குத்தான் தம்பி இந்தக் கல்லு. நாப்பத்தொன்பதுல இங்கேருந்து ஏத்திட்டுப் போனாங்களே, அவங்களுக்கு."

தொப்பியைக் கழட்டிட்டான். "நான் பொறந்ததே சைபீரியாவுலதான்"னு சொல்லி, பெட்டி பெட்டியாத் தட்டி எல்லாரையும் இறக்கினான். கோட்டும் சூட்டும் போட்டவங்க, முட்டைக் கூடைக்காரங்க, ஒரு கல்யாண கோஷ்டி, எல்லாரும் சேர்ந்து தள்ளித் தள்ளிப் பாறையைப் பிளாட்பாரத்து ஓரமா நிமிர்த்திட்டாங்க. கிர்ட்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்து "பூங்கா! பூங்கா!"ன்னார். "தாராளமா தூக்கிட்டுப் போங்க ஐயா"ன்னான் டிரைவர். ஒரே சிரிப்பு.

அப்புறம் நான் ஒவ்வொரு பேரா உரக்கச் சொன்னேன். அப்பா பேர் வந்தப்ப கல்லுல அதைத் தொட்டுக் காட்டினேன், கூட்டமே சேர்ந்து படிச்சுச் சொல்லிச்சு. அன்னிக்கு அப்பாவை ஏத்தின வண்டி யார் அழுதும் நிக்கல மிர்ட்ஸா. நேத்து ஒரு வண்டியே அவருக்காக இறங்கி நின்னுது!

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல இடுப்பும் தரட்டும். ஊன்றுகோலோடயாவது வந்து தொட்டுப் பாரு.

உன் அண்ணன்,
ஆர்வீட்ஸ்

பி.கு.: கிர்ட்ஸைப் பற்றி மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடு. இப்போதான் வந்துட்டுப் போறார். "எங்க தாய்மாமாவும் அந்த வண்டியிலதான் போனார். பயத்துல இத்தனை வருஷமா அவர் பேரை வாய்விட்டுச் சொன்னதில்ல. அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்குவேன், அதான் பூங்கான்னேன்... இன்னொரு பேருக்கு இடமிருக்குமா?"ன்னார். அப்பா பேருக்குப் பக்கத்துலயே வெட்டச் சொல்லிட்டேன்.