பல் வெட்டிய வாடகைப் பத்திரம்

என் பெயர் ஜேசன். வயது இருபத்து மூன்று. ஊர் மார்த்தாண்டம், இருப்பு இரும்புலியூரில், தட்சிணாமூர்த்தி அண்ணன் வீட்டு மாடி. தாம்பரம் வட்டாரத்திலேயே ஆங்கிலச் சட்டச் சொல்லுக்கு வேர் தெரிந்த ஒரே ஆள் இன்றைய தேதியில் நான்தான் என்பதைக் குடும்பத்தார் அனைவருக்கும் பணிவுடன் அறிவிக்கிறேன். தட்டத் தெம்பில்லை; போனிடம் பேசியே அனுப்புகிறேன்.

பதினோரு மாத வாடகைப் பத்திரத்தை டைப்பிங் கடையில் அடித்துக்கொண்டு வந்தார் அண்ணன். முதல் வரியிலேயே ஒப்பந்தத்துக்கு ‘இண்டென்ச்சர்’ என்றிருந்தது. மற்றவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்ப்பார்கள். நான் ‘படித்தவன்’. போனில் தேடினேன்; ஒரு கட்டுரை கிடைத்தது.

“அண்ணா, இதுக்கு மூலம் லத்தீன். பல்லுன்னு அர்த்தம். அந்தக் காலத்து இங்கிலாந்துல ஒப்பந்தத் தாளைப் பல்லு பல்லா வெட்டி ஆளுக்கொரு துண்டு வெச்சுப்பாங்க. ரெண்டும் பொருந்தினா அசல். பொருந்தலேன்னா போர்ஜரி.”

“அப்போ வெட்டலேன்னா?”

“பேருக்குத்தான் இண்டென்ச்சர்.”

அண்ணன் முகம் மாறியது. போலிப் பத்திரத்தில் ஒரு மனையை இழந்தவர். “தீபா, அந்தக் கத்திரிக்கோல எட்தா!” என்று மகளுக்குக் குரல் கொடுத்தார்.

இருவரும் கையெழுத்திட்டோம். மேலிருந்து கீழாக, முதலைப் பல் மாதிரி, அண்ணனே வெட்டினார். இடப்பாதி எனக்கு. தன் பாதியை அன்றைக்கே லேமினேட் செய்துவிட்டார்.

இன்று காலை என் பாதியை முகவரிச் சான்றாகப் புது ஆபீசில் ‘சமர்ப்பித்தேன்’. எச்.ஆர். சுஜி மேடம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்ன ஜேசன், எலி கடிச்சிடுச்சா?”

“இல்ல மேடம். மரபு.”

“ஓனர் பேரு ‘தட்சிணா’வோட நிக்குது. மூர்த்தி எங்க?”

“லேமினேஷன்ல, மேடம்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசா ஒண்ணு கொண்டு வாங்க. இல்லேன்னா வேலை கேன்சல்.”

வீட்டுக்கு ஓடினேன். இரண்டு பாதிகளையும் சேர்த்தேன். பிளாஸ்டிக் விளிம்பு தடுத்தது. பல் பல்லில் உட்காரவில்லை.

“பொருந்தலையே தம்பி,” என்றார் அண்ணன். “நீ இன்னா அசல் ஆளுதானா?”

“அண்ணா, புதுசா வெட்டாத பத்திரம் ஒண்ணு போட்டுக்கலாமே?”

“வெட்டாதது டூப்ளிகேட்டுன்னு நீதானே சொன்ன? கீழ் போர்ஷன் ரத்தினபாய் டீச்சருக்கும் வெட்டிக் குடுத்துட்டேன். அத்த எட்துகினுதான் கேஸ் கனெக்‌ஷனுக்குப் போயிருக்காங்க.”

மாடிக்கு வந்து அந்தக் கட்டுரையின் மீதியைப் படித்தேன். ஒரே தாளில் ஒப்பந்தம் முழுவதையும் இரண்டு முறை எழுதி, நடுவில்தான் வெட்டுவார்களாம். ஆளுக்கொரு முழுப் பிரதி கிடைக்குமாம். நான் முதல் பத்தியோடு அறிஞன் ஆகிவிட்டேன்.

வீட்டில் யார் இதைப் படித்தாலும் சரி, வெள்ளிக்கிழமைக்குள் தட்சிணாமூர்த்தி அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, எங்கள் ஜேசனுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லுங்கள். நான் சொன்னால், அடக்கத்தில் சொல்கிறேன் என்கிறார்.